மூச்சுப் பை

பக்கீர் மோட்டார் சைக்கிளைப் பின்னுக்கு எடுத்தபோது, மீன் பெட்டியின் நிழலில் கிடந்த பூனைக்குட்டியைக் கவனிக்கவில்லை. சக்கரம் பட்டதும் குட்டி கத்தியபடி உருண்டது. பிறகு எழுந்து ஓடியும் விட்டது. பக்கத்து வீட்டு ஹாஜறாவின் குட்டி அது. பக்கீர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அன்றிலிருந்து மீன் வியாபாரத்துக்குப் புறப்படுமுன் ஒரு பிடி சூடை மீனை அதற்கு வைத்துவிட்டுத்தான் போனார்.

குட்டி ஆவலாகத் தின்றது. தின்றதும் வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் குந்தியபடியே கண்ணை மூடியது.

"காக்கா, உங்கட மீனத் திண்டாத்தான் இதுக்கு இழுக்குது. பழசத் தந்தயளோ?" என்றாள் ஹாஜறா. அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்றுதான் அழைப்பாள்.

"விடியக்குள்ள தோணியால இறக்கின மீன் புள்ள!"

இருவரும் குட்டியைக் கல்முனைக்குக் கொண்டுபோனார்கள். மிருக வைத்தியர் சுஜித்தா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மீன்ல பிழையில்ல. அடிபட்டதில நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில இருக்கிற தசை கிழிஞ்சி, குடலும் இரைப்பையும் நெஞ்சுக்குள்ள ஏறியிருக்கு. வயிறு நிறைஞ்சா நுரையீரல நெரிக்கும்."

தான் இரக்கப்பட்டு வைத்த மீனே அதன் மூச்சை அடைத்திருக்கிறது. பக்கீர் தரையைப் பார்த்தார்.

"வெட்டித் தைக்கலாம். ஆனா திறந்த பிறகு இது தானா மூச்செடுக்காது. ஒராள் றப்பர் பையை அமத்தி மூச்சுக் குடுக்கணும். என்ர உதவியாள் இண்டைக்கு வரல்ல."

வயிற்று மயிரை மழிக்கும்போதே ஹாஜறாவுக்குத் தலை சுற்றியது. "நான் வெளிய இருந்து துஆக் கேக்கிறன். நீங்க நில்லுங்க காக்கா."

குட்டியின் தொண்டையில் குழாய். குழாயின் முனையில் றப்பர் பை. பக்கீர் அமத்தத் தொடங்கினார்.

"அவசரப்படாதீங்க. மீனா கூவி விக்கிறயள்? பலமா அமத்தினா நுரையீரல் பழுதாகிடும்."

பக்கீர் வேகத்தைக் குறைத்தார். ஒவ்வோர் அமத்தலுக்கும் ஒரு சுப்ஹானல்லாஹ் என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். கை தானாக நிதானப்பட்டது. வைத்தியர் குடலை மெல்லக் கீழே இறக்கி, கிழிசலின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தார். களைப்பில் பக்கீரின் குரல் அடங்கியது.

"சத்தமாச் சொல்லுங்க காக்கா. ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையிலதான் நான் ஊசி குத்துறன்."

பக்கீர் சொன்னார். வைத்தியர் தைத்தார்.

நெஞ்சுக்குள் மிஞ்சிய காற்றையும் உறிஞ்சி எடுத்த பின் சுஜித்தா நிமிர்ந்தார். "இப்ப கைய எடுங்க."

பக்கீர் எடுக்கவில்லை. "எடுத்தா?"

"எடுத்தாத்தான் தெரியும்."

மூச்சைக் கொடுப்பவன் இறைவன்; தன் கை சற்று நேரம் இரவல் போயிருந்தது, அவ்வளவுதான். அப்படி நினைத்துக்கொண்டு விரல்களை விரித்தார். குட்டி அசையவில்லை. பக்கீர் தானும் மூச்சுவிடாமல் நின்றார். பிறகு அந்தச் சின்ன நெஞ்சு ஒருமுறை உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

"தானா எடுக்குது," என்று சொல்லிவிட்டு வைத்தியர் தோலைத் தைக்கத் தொடங்கினார்.

இப்போதெல்லாம் பக்கீர் வண்டியை எடுக்குமுன் குனிந்து அடியில் பார்க்கிறார்.

"என்ன காக்கா, மீன் விழுந்திட்டா?" என்று ஹாஜறா மதிலுக்கு மேலால் கேலி செய்வாள்.

குட்டி அதே மதிலில்தான் கிடக்கும், ஒருக்களித்துக் காலை நீட்டியபடி. அது அங்கே கிடப்பது தெரிந்தும் அவர் குனிந்து பார்த்துவிட்டே புறப்படுவார்.