சட்டைப் பையில் கிடந்த ஃபியூஸ்

ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே அவர் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் வராத நாளைப் பற்றி யாரோ எழுதி ஒட்டியிருந்த தாளில் சிவப்புப் பேனாவால் சுழித்து, ஓரத்தில் குறி போட்டுவிட்டு வந்தார். அடுத்து மருந்து டப்பா, சோப்பு உறை, எதிர்வீட்டுக்காரரின் வாடகை விளம்பரம். ஆயுள் முழுக்க அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்திய மனுஷன், கண் சும்மா இருக்குமா? பொழுது போகாமல் அவர் பட்ட பாட்டைவிட, அவரை வீட்டில் வைத்துக்கொண்டு அவர் மனைவி பட்ட பாடுதான் அதிகம்.

ஏதாவது புதிதாகக் கற்றுக்கொள்ளும்படி அவள்தான் பிடித்து வெளியே தள்ளினாள். ஓவிய வகுப்புக்குப் போனார். அவர் வரைந்த குதிரையைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மாள், நாற்காலி நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினாளாம், அதோடு சரி. நடைக் குழுவில் சேர்ந்தார். அங்கே நடந்த நடையைவிடப் பேசிய அரசியல் அதிகம், கால் வலிக்கு முன்னால் தலைவலி வந்தது. கிடார் கதை வேண்டாம். மேல்வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கடைசியில் கைகொடுத்தது சனிக்கிழமைக் குழு. நூலகத்துக்குப் பின்னால் ஒரு கூடம், நாலைந்து நீள மேசைகள். அக்கம்பக்கத்தார் கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, மிக்ஸி எதையும் தூக்கிக்கொண்டு வரலாம். குழுவினர் உட்கார்ந்து சரி செய்து கொடுப்பார்கள், காசு கிடையாது. இரண்டே விதிகள். கொண்டு வருகிறவரின் பேரையோ வீட்டையோ கேட்கக் கூடாது. புதிது வாங்க வழியில்லையே என்று யாரும் கூசிவிடக் கூடாது பாருங்கள். அடுத்தது, ஒருவர் சரி செய்ததை இன்னொருவர் திறந்து பார்க்காமல் வெளியே விடக் கூடாது.

இந்த இரண்டாவது விதிதான் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அச்சகத்திலும் அதுதான் சட்டம். தான் திருத்தியதைத் தானே கடைசியாகப் பார்க்கக் கூடாது. தன் பிழை தன் கண்ணுக்குப் படாது. அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதைத்தான் கண் படிக்கும், இருப்பதைப் படிக்காது.

குழுவை நடத்தியவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் அவளை லிஃப்ட் அக்கா என்றார்கள், அவள் இவரை புரூஃப் சார் என்றாள். திருகாணி பொறுக்கிக் கொடுப்பதில் தொடங்கியவர், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்தார். வீட்டுப் படுக்கையறை ஹீட்டர் நின்றுபோனபோது தானே பிரித்து ஓட வைத்தார். சிவந்த கம்பியைப் பார்த்து அவர் மனைவி, "பரவாயில்லையே, கை வந்துருச்சே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வாரம் விசிலடித்துக்கொண்டு திரிந்தார். அறிவிப்புப் பலகை பிழைத்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, குழுவுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையைத் துவைக்கப் போடுவதற்காகப் பையைத் துழாவினார். விரலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தார். பென்சில் முனை பருமனில் ஒரு சின்ன உருளை, இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி. ஹீட்டருக்குள் இருக்க வேண்டிய புது ஃபியூஸ். சூடு அளவு மீறினால் தானே அறுந்து மின்சாரத்தை நிறுத்துவது அதுதான்.

துவைக்க எடுத்த சட்டையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஹீட்டர் கொண்டு வந்திருந்தாள். குழந்தைக்குச் சளி, அறை ஜில்லென்று இருக்கிறது என்றாள். பிரித்துப் பார்த்ததில் இந்த ஃபியூஸ்தான் போயிருக்கும் என்று பட்டது. அதை நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு துண்டு செம்புக் கம்பியை முறுக்கி இணைத்துப் பார்ப்பார்கள். ஓடினால் பழுது அதில்தான். பிறகு கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஃபியூஸைப் போட வேண்டும். கம்பியை முறுக்கியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஹீட்டர் சிவந்தது ஞாபகம் இருந்தது. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள், குழந்தை மிரண்டு வீரிட்டது, அவள் வேலைக்கு நேரமாகிறது என்று பறந்தாள். லிஃப்ட் அக்கா டீ குடிக்கப் போயிருந்தாள். கைதட்டல் காதில் இருந்த சுகத்தில் அவர் மூடியைத் திருகி, அவளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். கம்பியைக் கழற்றினாரா? எவ்வளவு யோசித்தும் அந்த இடம் மட்டும் வெள்ளைத் தாளாக இருந்தது. ஃபியூஸ் கையில் இருக்கிறதே, பிறகென்ன யோசனை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஃபியூஸ் இல்லாமலும் ஹீட்டர் ஓடும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இதைச் சொன்னால் சனிக்கிழமை போயிற்று. மறுபடியும் சோப்பு உறை, மருந்து டப்பா, சுவரைப் பார்த்து உட்காரும் மதியங்கள். ஆனால் அந்த 'பெரும்பாலும்' அவரை உட்கார விடவில்லை. ஒரு துணி சரிந்து ஹீட்டர் மேல் விழுந்தால்? பக்கத்தில் தொட்டில் இருந்தால்?

அதே சட்டையைப் போட்டு, ஃபியூஸையும் ஸ்க்ரூடிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு அவர் செருப்பை மாட்டும்போது மனைவி போர்வையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மதியத்தில் சற்றுக் கண்ணயர்வது அவள் வழக்கம். இரவிலும் அவர் குறட்டைக்குத் தப்பி அவள் அங்கே தனியாகத்தான் படுப்பாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா, ஒரு நடை."

படிக்கட்டில் இறங்கியபடியே லிஃப்ட் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டாவதா யாரு சார் பாத்தது?"

"யாரும் பாக்கலம்மா."

பேர், வீடு எதுவும் கேட்கக் கூடாதென்று விதி வைத்ததே நாம்தானே என்று முணுமுணுத்தாள். காலையில் வந்திருந்த மற்றவர்களை விசாரிப்பதாகச் சொல்லிப் போனை வைத்தாள். அப்போதுதான் அவருக்கு அந்தப் பெண் போட்டிருந்த பச்சைக் கோட்டு ஞாபகம் வந்தது. பெரிய தெருவில் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர்கள் அதைத்தான் போடுவார்கள்.

ஓடினார். அந்த வயதில் அதை ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காக. கடையில் பச்சைக் கோட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, அவளைக் காணோம். மேற்பார்வையாளர், ஊழியர் வீட்டு விலாசத்தைக் கண்டவரிடமெல்லாம் கொடுக்க முடியாது என்றார், நியாயம்தான். என்ன விஷயம் என்று கேட்டார். பில் போட நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்தவர் பிழையைச் சுழித்தே பிழைத்தவருக்குத் தன் பிழையைச் சொல்ல முதலில் நாக்கு எழவில்லை, பிறகு சொன்னார்.

"அவங்க ஹீட்டர நான்தான் சரி பண்ணேன். தப்பா பண்ணிட்டேன். தீப்பிடிக்கும்."

அதைக் கேட்டதும் ஓரத்தில் இருந்த பச்சைக் கோட்டு ஒன்று எழுந்தது. அந்தக் குழந்தையின் அம்மா கொஞ்சம் முன்னால்தான் அரை நாள் வேலை முடிந்து போனாளாம், பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடியாம். பச்சைக் கோட்டுக்காரியே போன் அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. குழந்தை தூங்கினால் சத்தத்தை அணைத்துவிடுவாள் என்று அவளே சமாதானமும் சொன்னாள். அந்தச் சமாதானம் அவருக்கு உதவவில்லை.

பேக்கரிப் படிக்கட்டில் கருகல் வாசனை அடித்தது. கீழே அடுப்பில் ரொட்டி கருகியதாகவும் இருக்கலாம், ஆனால் அதை நின்று யோசிக்கிற நிலையிலா இருந்தார்? கைப்பிடியைப் பற்றி இழுத்து இழுத்து ஏறினார். முதல் தட்டலுக்குப் பதில் இல்லை. இரண்டாவது முறை உள்ளங்கையால் அறைந்தார்.

கதவு திறந்தது. விரலை உதட்டில் வைத்தபடி அவள் நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் ஹீட்டர் ரத்தச் சிவப்பாக எரிந்தது. அவர் அனுமதிகூடக் கேட்காமல் உள்ளே புகுந்து பிளக்கைப் பிடுங்கினார். அவள் பதறி, குழந்தைக்கு முன்னால் போய் மறித்து நின்றுகொண்டாள். அவர் மூச்சு வாங்கியபடியே விஷயத்தைச் சொன்னார். அவள் குழந்தையைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

சூடு ஆறும்வரை தரையில் காத்திருந்து மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஃபியூஸ் இருந்தது. புதுசு, பளபளவென்று, உறை மாட்டி, இரண்டு பக்கமும் ஒழுங்காக இணைத்து. கம்பியைக் காணோம். மனசு கைதட்டலில் கிறங்கிக் கிடந்தபோது கை தன் வேலையைப் பார்த்து முடித்திருந்தது.

"சரியாத்தான் இருக்கும்மா. போட்டுட்டுத்தான் குடுத்திருக்கேன்" என்றார். சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. மூடியைத் திருகி, ஓட விட்டுக் காட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஒரு மாடி இறங்கியிருப்பார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

உள்ளே ஒன்று. பையில் ஒன்று. அப்படியானால் இரண்டு. இரண்டு எப்படி?

ஃபியூஸ் விற்கிற கடைக்காரன் எப்போதும் ஜோடியாகத்தான் கொடுப்பான். குழந்தையின் ஹீட்டருக்காக அவர் கடைக்கே போகவில்லை. காலையில் சட்டைப் பையிலேயே தற்செயலாக இருந்ததே என்று சந்தோஷப்பட்டுத்தான் எடுத்தார். அது ஏன் பையில் இருந்தது? போன வாரம் வாங்கினார். வீட்டு ஹீட்டருக்கு. கம்பி முறுக்கிப் பார்த்து, ஓடி, "கை வந்துருச்சே" என்று அவள் சொல்லி, ஃபியூஸ் வாங்கி வந்து, ஓடுகிறதே, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த நாளை வரவே இல்லை.

மதியம். கட்டில் காலடியில் ஹீட்டர். தூக்கத்தில் அவள் போர்வையை உதைத்துத் தள்ளுவாள், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார், மறுபடியும் அதேதான். எதிரே வந்தவர்கள் விலகினார்கள். யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. ஊரெல்லாம் ஓடி அடுத்தவர் வீட்டில் தீயைத் தேடிய மடையா, மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார். சன்னல் திசையில் புகை இருக்கிறதா என்று பார்க்கக்கூடப் பயமாக இருந்தது, அதனால் தரையைப் பார்த்தே ஓடினார்.

சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. நுழைந்தது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினார்.

அவள் சுருண்டு படுத்திருந்தாள். போர்வை வழக்கம்போலக் காலடியில் சரிந்து, ஹீட்டரை மூடிக் கிடந்தது. அவர் பாய்ந்து அதை உருவினார். ஹீட்டர் குளிர்ந்திருந்தது. அதன் ஒயர் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, மேலே வைக்கப்பட்டிருந்தது. போன வாரம் அவரே போட்ட ரப்பர் பேண்டு.

அவள் விழித்துப் பார்த்தாள். இன்னொரு போர்வை கழுத்துவரை இருந்தது, அதற்கு மேல் அவருடைய பழைய ஸ்வெட்டரும். போர்வையைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டு அவள் பயந்தே போனாள்.

"இத நீ போடலையா?" என்றார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மாட்டிக்கொண்ட குழந்தையின் முகம்.

"நீங்க ரிப்பேர் பண்ணதாச்சே, எனக்குப் பயம். சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், மறுபடி வீட்லயே உக்காந்துருவீங்க. ரெண்டு போர்வை போத்திக்கிட்டாப் போச்சு."

ஒரு வாரமாக அவள் குளிரில் படுத்திருக்கிறாள், அவருடைய சனிக்கிழமை கெட்டுவிடக் கூடாதென்று. அவருக்கு வலித்தது. அந்த வலியைவிடப் பெரிதாக, அவள் உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு அவள் எதிரிலேயே ஹீட்டரைத் திறந்து, உள்ளே முறுக்கியிருந்த செம்புக் கம்பியைக் காட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்பதையும், காலையிலிருந்து நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை அவர் மணிக்கட்டை இறுக்கியது.

"அந்தக் குழந்தை வீட்ல?"

"அங்க சரியா இருக்கு. ஃபியூஸ் போட்டிருக்கேன்."

"யாரு பாத்தா?"

"நான்தான் பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. ஃபியூஸைப் பார்த்தது உண்மை. பளபளப்பையும் உறையையும் பார்த்தது உண்மை. ஃபியூஸ் அங்கே இருக்க வேண்டும் என்ற ஒரே வேண்டுதலோடு பார்த்த கண்தான் அது. அவர் மெதுவாக எழுந்து லிஃப்ட் அக்காவுக்குப் போன் போட்டு, பேக்கரி மாடிக்கு உடனே வந்து இரண்டாவது ஆளாகத் திறந்து பார்க்கச் சொன்னார். செருப்பைத் தேடினார்.

மனைவி ஏற்கெனவே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.