கல்லோடைக் கரையில் மருது

ஆவுடைநாயகத்தின் வாழைத்தோட்டம் கல்லோடையை ஒட்டி இருந்தது. அங்கிருந்து அரை மைல் போய் ஓடை தாமிரபரணியில் விழும். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் கரை இடிந்து, குலை தள்ளிய வாழைகள் மண்ணோடு போயின. பிறகு ஒவ்வொரு மழைக்கும் கரை கரைந்துகொண்டே இருந்தது. கீழே, ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் இருந்த ஊர், அந்தச் செந்தண்ணீரைத்தான் துணியில் வடிகட்டிக் குடித்தது.

அந்த ஊர்க்காரர் சாரம்மாள். பாளையங்கோட்டையில் தாவரவியல் ஆசிரியை. ஒருநாள் நீர்மருது, நாவல், புங்கை என்று தானே விதை போட்டு வளர்த்த கன்றுகளோடு தோட்டத்துக்கு வந்தார்.

"கரையில ரெண்டு வரிசை வாழைக்குள்ள எடம் குடுங்க அண்ணாச்சி."

"மரம் வச்சா நெழல் விழும் டீச்சரம்மா. வாழை எந்திரிக்காது."

"எப்படியும் அந்த எடத்த ஓடை கொண்டுட்டுப் போயிரும். அதுக்கு முன்ன எனக்குக் குடுங்களேன்."

ஆவுடைநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றார்.

முதல் வருஷக் கன்றுகளை ஆடு தின்றது. சாரம்மாள் மறுபடியும் நட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் வந்து, ஒவ்வொன்றுக்கும் முள் கட்டிக் குடத்தில் தண்ணீர் ஊற்றினார். ஒரு கோடையில் அதைப் பார்க்கச் சகிக்காமல் ஆவுடைநாயகம் தன் பம்புசெட் குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். மரங்கள் தோளுக்கு மேல் போனதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் கன்று கேட்டார்கள். ஆறு வரைக்கும் கரை பச்சையானது.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கரை போயிருக்கும் என்று நினைத்துத்தான் ஆவுடைநாயகம் விடியற்காலையில் ஓடினார். கரை அப்படியே நின்றது. சிவந்த தண்ணீர் சீறி வந்து, மருத வேர்களில் மோதி, வேகம் இழந்து, சுமந்து வந்த மண்ணை வேர்களின் மடியில் இறக்கிவிட்டுப் போனது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

மழை வெறித்ததும் சாரம்மாள் வந்தார். இருவரும் மர நிழலிலேயே ஓடையோடு நடந்தார்கள். தோட்டத்துக்கு மேற்கே, ஓடை வரும் பக்கம், தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது. நடக்க நடக்கத் தெளிந்தது. ஆற்றுமுகத்தில் கூழாங்கற்களும் மணலில் மீன்களின் நிழலும் தெரிந்தன.

"பைய வாங்க," என்றார் ஆவுடைநாயகம்.

வேரடிப் பொந்திலிருந்து ஒரு நீர்நாய் தலை நீட்டியது. பின்னாலேயே இரண்டு குட்டிகள். தாய் இருவரையும் நிதானமாகப் பார்த்தது. பிறகு மூன்றும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கின. தெளிந்த தண்ணீருக்கடியில் அவை வளைந்து வளைந்து நீந்துவது கடைசிவரை தெரிந்தது.

"இது எங்கன இருந்து வந்துச்சு டீச்சரம்மா? எங்க அய்யா காலத்துலகூட இங்கன பாத்ததா யாரும் சொன்னதில்ல."

"தெரியல அண்ணாச்சி," என்றார் சாரம்மாள். "நான் மரந்தான் வச்சேன்."