கைப்பிடியைத் தொடாத காலை

விடியுமுன்பே ஹவுராப் பட்டறையில் செம்புக் கம்பியும் வார்னிஷும் மணத்தன. நாங்கள் செய்வது, கையால் சுழற்றாமலே காரைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார். பழைய வகையில், எஞ்சின் பற்றிக்கொண்ட பிறகும் பல்சக்கரம் விடுபடாமல் சிக்கி மோட்டாரையே சிதைத்துவிடும். எங்களுடையதில் அது தானாக நழுவிக்கொள்ளும். கடை கடையாய் அதைச் சொல்லித்தான் முதலாளி பார்த்தசாரதி விற்றார்.

செய்த செல்ஃபைச் சோதிக்கும் எஞ்சினுக்கு மட்டும் நல்ல பாட்டரி இல்லை. இருந்த பழைய பாட்டரி சூடேறிய எஞ்சினைத்தான் சுழற்றும்; காலைக் குளிரில் விறைத்த எஞ்சினை முதலில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். அன்று கைப்பிடி பின்னுக்கு உதைத்தது. அதைச் சுழற்றிய முகமது இஸ்மாயிலின் மணிக்கட்டு முறிந்தது.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்தோம். முதலாளி காத்திருந்தார்.

“கட்டைவிரலை மடக்கிப் பிடிச்சிருப்பார். பிடிக்கத் தெரியாத ஆள் இனிமே வேண்டாம். பெத்துராஜ், டெஸ்டிங்க நீ பாத்துக்கோ. பெர்மனென்ட் பண்ணிடறேன்.”

பெத்துராஜ் பல வருஷமாகத் தற்காலிகம். வீட்டில் கைக்குழந்தை. அவன் எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை.

செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் நாகலட்சுமி எழுந்தாள். “பாய் சரியாத்தான் பிடிச்சிருந்தார். நான் பார்த்தேன்.”

“காயில் சுத்தறவ எஞ்சினப் பத்திப் பேசாதே.”

“ஊர்க்காரங்க கை உடையக் கூடாதுன்னு செல்ஃப் விக்கறீங்க. எங்க கை என்ன, ஸ்பேர் பார்ட்டா?”

சரியாய்ச் சொன்னாள் என்று வங்காள மொழியில் முனகியபடி நிதாய்தா தன் லேத்தை நிறுத்தினார்.

பெத்துராஜ் குனிந்து கைப்பிடியை எடுத்தான். அவன் எஞ்சினைத் தாண்டிப் போய், முதலாளியின் மேஜைக் கண்ணாடிமேல் அதை வைத்தான்.

“பாட்டரி வரட்டும். பாயும் வேலைக்கு வரட்டும். அப்புறம் செல்ஃப் போட்டு நானே கிளப்பறேன்.”

“என்னடா, என்ன வளைச்சுக் கெரா பண்றீங்களா?”

“இல்லைங்க. வழி திறந்துதான் கிடக்கு, நீங்க போலாம் வரலாம். நாங்க இதத் தொடமாட்டோம்.”

“நாளைக்கே வேற ஆளக் கொண்டுவருவேன்.”

“வரட்டும். வாசல்லதான் இருப்போம். அவங்ககிட்டயும் பேசறோம்.”

மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாய் அடங்கின.

மதியம் இஸ்மாயில் மாவுக்கட்டோடு வந்து, வாசலில் உட்கார்ந்திருந்த எங்கள் முன் தயங்கினார். “என்னால உங்க சோத்துல மண்ணு.”

“குளிருது பாய், நெருங்கி உக்காருங்க” என்று நாகலட்சுமி இடம் விட்டாள்.

சரக்கேற்ற லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. யாரும் எழவில்லை. பஞ்சாபி டிரைவர் எட்டிப் பார்த்தார். இஸ்மாயிலின் மாவுக்கட்டைப் பார்த்ததும், ஹேண்டிலா என்று இந்தியில் கேட்டார். ஆமென்று தலையசைத்தோம்.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். என்றோ முறிந்து கோணலாய்ச் சேர்ந்திருந்த தன் மணிக்கட்டை இஸ்மாயிலிடம் காட்டி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.