ஊதா முகத்துச் சிப்பாய்கள்

சான் தெலெஸ்ஃபோரோவில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் வெள்ளைக் கட்சிக்காரி என்பார்கள், சிவப்புப் போட்டால் சிவப்புக் கட்சிக்காரி என்பார்கள். நான் பழுப்பு நிறச் சட்டைகளாக வாங்கிப் பழகிவிட்டேன். நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே கரும்பாறை ஆற்றுத்துறையில் இரண்டு கட்சியும் ஒரு காலைப்பொழுது முழுக்க வெட்டிக்கொண்டன. யார் ஜெயித்தார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. இரண்டு கட்சியும் அதே நாளில், அடுத்தடுத்த தெருக்களில், தனித்தனியாக வெற்றி விழா கொண்டாடுகின்றன.

அந்தச் சண்டையைச் சின்னச் சின்ன உருவங்களாகச் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கவேண்டும் என்று நகராட்சிக்குத் தோன்றியது. எங்கள் சங்கத்தைக் கேட்டார்கள். சங்கம் என்றால் ஐந்து பேர். சனிக்கிழமை மதியம் ரொட்டிக்கடை மாடியில் உட்கார்ந்து, கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஈயச் சிப்பாய்களுக்கு வண்ணம் பூசுகிறவர்கள். பெரிய ஜன்னல் ஒன்று, அதன் கீழே ஒரு நீள மேஜை, கை மாறிக்கொண்டே இருக்கும் மாத்தேக் கஷாயக் குடுவை. நான் சுல்மா பென்தாங்கூர். பொய்ப்பல் செய்வது என் தொழில்.

சங்கத்தின் தலைவர் எலிசேயோ ஃபகுண்டெஸ். உள்ளூர்ப் பள்ளியில் முப்பது வருஷம் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பீட்சாப் பெட்டி அட்டையை வட்டமாக வெட்டிப் பன்னிரண்டு நிறம் பூசி ஒரு வண்ணச் சக்கரம் செய்து சுவரில் ஆணியடித்து வைத்திருந்தார். சங்கத்தில் கறுப்பு பாட்டிலைத் திறக்க அனுமதி கிடையாது.

“சிவப்பை இருட்டாக்கணும்னா சக்கரத்துல எதிர்ல இருக்கற பச்சையை ஒரு சொட்டு விடு. தானா அடங்கிடும். கறுப்பை ஊத்தினா அது நிழல் இல்ல, அடுப்புக்கரி” என்பார். நீலச் சட்டையின் மடிப்பு மேட்டில் வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலக்கக் கூடாது, தோல்நிறத்தைக் கலக்கவேண்டும். உருவம் சின்னதாக ஆக ஆக நிறம் ஒரு படி வெளுத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் தூரத்தில் எல்லாம் ஒரே அழுக்காகத் தெரியும். இதையெல்லாம் அவர் மற்றவர்கள் ஜெபம் சொல்வது போலச் சொல்வார். சொல்வது சரியாகவும் இருக்கும். அதுதான் எரிச்சல்.

எரிச்சல் அதிகம் வில்மாருக்கு. வில்மார் ஒத்ரியோசோலா கறிக்கடை வைத்திருந்தான். பாட்டிலில் இருப்பதை அப்படியே எடுத்துப் பூசுவான்.

“சிவப்புன்னு மேல எழுதியிருக்கான், சிவப்பா பூசறேன். அதுல எதுக்கு வாத்தியாரே பச்சை? நான் என்ன சாலட்டா பண்றேன்?”

“உன் குதிரைங்களைப் பார்த்தா பிளாஸ்டிக் பொம்மை தோத்துடும்டா.”

“குதிரை கேட்டுச்சா உங்ககிட்ட?”

இப்படி அடித்துக்கொண்டே எட்டு மாதத்தில் இருநூற்று நாற்பது சிப்பாய்களையும் அறுபது குதிரைகளையும் முடித்தோம். சண்டையில் இரு தரப்பும் ஒரே மாதிரி போர்வையும் கிழிந்த காற்சட்டையும்தான் போட்டிருந்தார்கள்; தொப்பியில் கட்டிய நாடாதான் வித்தியாசம். ஆகவே எல்லா உழைப்பும் நாடாவில் போயிற்று. வெள்ளை நாடா வெறும் வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பு போலத் தெரியும். எலிசேயோ அதன் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நீலமும், ஓரத்தில் துளி மஞ்சளும் வைத்தார். சிவப்பு நாடாவில் மூன்று சிவப்புகள் இருந்தன. ஜன்னலோரம் அடுக்கி வைத்துப் பார்த்தபோது வில்மார்கூட இரண்டு முறை குனிந்து பார்த்தான்.

நான் மட்டும் ஒன்று சொன்னேன். பொய்ப்பல்லுக்கு நிறம் பொருத்துகிறபோது அறை விளக்கில் பார்த்து முடிவு செய்தால், வாடிக்கையாளர் தெருவுக்குப் போனதும் பல் பச்சையாகத் தெரியும். பட்டவள் நான். “அருங்காட்சியகத்துல என்ன விளக்கு இருக்குன்னு ஒரு தடவை போய்ப் பார்த்துடலாமே வாத்தியாரே” என்றேன்.

“நிறம் நிறம்தாம்மா. விளக்குக்காக அது மாறிடுமா?” என்றார்.

அருங்காட்சியகம் முன்பு தானியக் கிடங்காக இருந்தது. எங்களுக்குக் கொடுத்த அறைக்கு ஜன்னல் இல்லை. கூரையில் ஆறு பழைய குழல்விளக்குகள், மேலே மஞ்சளேறிப்போன பிளாஸ்டிக் மூடிகள். சிப்பாய்களையெல்லாம் மணல் பரப்பில் நட்டு முடித்து, பொறுப்பாளர் பெர்லா தெச்சேரா விளக்கைப் போட்டார்.

எட்டு மாத உழைப்பு மூத்திர நிறத்துக்குப் போயிற்று. முகங்கள் காமாலை கண்டவை போல இருந்தன. வெள்ளை நாடா மஞ்சளாக, சிவப்பு நாடா துருப்பிடித்த தகரமாக. எந்தப் பக்கம் யார் என்று எங்களுக்கே தெரியவில்லை.

“சரி, விளக்கை மாத்திடலாம். இதுல என்ன இருக்கு?” என்றான் வில்மார்.

“மாத்த முடியாது. விளக்கு மின்சாரப் பிரிவோடது. மூணு வருஷமா மனு போட்டிருக்கேன், இன்னும் கையெழுத்தாகல. நாம தொட்டா என் வேலை போயிடும்” என்றார் பெர்லா.

“மனுவா? என் கடையில கறி கொஞ்சம் கறுத்தா ரோஸ் விளக்கு ஒண்ணு மாட்டுவேன், பொம்பளைங்க அடிச்சுக்கிட்டு வாங்கிட்டுப் போவாங்க. ஏணி குடுங்க, நான் ஏறறேன்.”

எலிசேயோவின் முகம் மாறியது. “அது ஏமாத்து வேலை. பழைய கறியை விக்கறவன் புத்தி. நிறத்தால வந்த பிரச்சினையை நிறத்தாலதான் தீர்க்கணும்.”

வில்மார் பழைய கறி விற்பவன் இல்லை, ஊருக்கே தெரியும். தூரிகைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, “அப்போ தீர்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எலிசேயோ தீர்த்தார். சக்கரத்தில் மஞ்சளுக்கு நேர் எதிரே இருப்பது ஊதா. விளக்கு எவ்வளவு மஞ்சளைக் கொட்டுகிறதோ அவ்வளவு ஊதாவை உருவத்தில் ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். திறப்பு விழாவுக்கு ஆறு வாரம் இருந்தது. மேஜையை அந்த அறைக்கே கொண்டுபோய், அந்த விளக்கின் கீழேயே உட்கார்ந்து, முன்னூறு உருவத்துக்கும் மறுபடி பூசினோம். முகத்துக்கு ஊதா. வெள்ளை நாடாவுக்கு நீலம், அதுவும் தாராளமாக. சிவப்பு நாடாவுக்குக் கண்ணைக் குத்தும் ரோஜா நிறம். பழுப்புக் குதிரைக்குக் கத்திரிக்காய் நிறம்.

உண்மையைச் சொல்லவேண்டும்: அற்புதமாக வந்தது. அந்த விளக்கில் வெள்ளை வெள்ளையாக, சிவப்பு சிவப்பாக, முகங்கள் காலைக் குளிரில் நிற்கும் மனிதர்களின் முகங்களாக இருந்தன. பெர்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருநாள் ஒரு தளபதியை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தேன். திராட்சைப் பெட்டியில் விழுந்து எழுந்தவர் போலிருந்தார்.

“வாத்தியாரே, இதை வெளியில பார்த்தீங்களா?”

“வெளியில யாரும்மா பார்க்கப்போறா? உள்ள கொண்டுவா.”

இதற்கிடையில் வில்மாருக்கு மனசு கேட்கவில்லை. எட்டு மாதம் அவனும்தானே பூசியிருக்கிறான். வாத்தியார் சொன்ன சொல்லை மறந்து ஒரு நல்ல காரியம் செய்வோம், ஆனால் சொல்லாமல் செய்வோம் என்று முடிவெடுத்தான். நாங்கள் மறுபடி பூசியது அவனுக்குத் தெரியாது. எங்களோடு பேச்சு இல்லையே. சால்த்தோ நகரத்துக்கு ஆள் அனுப்பி, பகல் வெளிச்சம் போலவே எரியும் உயர்ந்த ரக விளக்குகள் ஆறு வாங்கிவரச் செய்தான். திறப்பு விழாவுக்கு முந்தின மதியம், நாங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, ஏணியோடு அருங்காட்சியகத்துக்குப் போனான். மின்சாரப் பிரிவிலிருந்து கடைசியில் ஆள் வந்துவிட்டார் என்று நினைத்து வாசல் காவலாளி கதவைத் திறந்துவிட்டான். சிப்பாய்கள் மேல் திரை மூடியிருந்தது. வில்மார் திரையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவ்வளவு நாகரிகம்.

மறுநாள் காலை பதினோரு மணி. இரண்டு கட்சியும் வந்திருந்தன, இரண்டு பக்கமாக நின்றன. தலைநகரிலிருந்து பண்பாட்டுத் துறை சார்பில் ரெனே பாஸ்தோரினோ என்ற அம்மாள் வந்திருந்தார். பெர்லா திரையை இழுத்தார்.

முன்னூறு உருவங்களும் அடிபட்டுக் கன்னிப்போன சதை போல ஊதாவாக நின்றன. கத்திரிக்காய்க் குதிரைகள் மணலில் பாய்ந்துகொண்டிருந்தன. எலிசேயோ கூரையைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பின்வரிசையில் வில்மார் கையைக் கட்டிக்கொண்டு, உதவி செய்தவனின் புன்னகையோடு நின்றான். புன்னகை மெல்ல உருகியது.

முதலில் வாய் திறந்தவர் வெள்ளைக் கட்சியின் லாரோசா.

“எங்க ஆளுங்க தொப்பியில நீல நாடாவை எவன்யா கட்டினது? நீலம் முதல்ல சிவப்புக்காரங்க கட்டினது! வெயில்ல வெளுத்துப்போகுதுன்னுதான் அப்புறம் சிவப்புக்கு மாறினாங்க. எதிரியோட பழைய துணியை எங்க தலையிலயா கட்டறீங்க?”

“உங்களுக்காவது நீலம்!” என்று கத்தினார் சிவப்புக் கட்சியின் இரிஸ் கமேஹோ. “எங்களைப் பாருங்க, ரோஸ்! பிறந்தநாள் கேக் மாதிரி! இதுக்காகவா எங்க கொள்ளுத்தாத்தா குத்துப்பட்டுச் செத்தாரு?”

எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் இரண்டு கட்சியும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான். இதை உடனே எடுத்துவிடவேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள், கைகூடக் குலுக்கியிருப்பார்கள்.

ஆனால் தலைநகரத்து அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“செத்தவனும் கொன்னவனும் ஒரே நிறம். இது சண்டை இல்ல, காயம். நாடெல்லாம் வெற்றியைத்தான் செஞ்சு வெச்சிருக்காங்க, ஒருத்தராவது காயத்தைச் செஞ்சாங்களா? இந்தக் கலைஞர் யாரு?”

எலிசேயோவை முன்னால் தள்ளினார்கள். அவர் நேர்மையான மனுஷர். “இது தப்பும்மா. விளக்கு மஞ்சளா இருந்துச்சு, அதுக்காக ஊதா ஏத்தினேன். யாரோ விளக்கை மாத்திட்டாங்க. அவ்வளவுதான்” என்றார்.

“பார்த்தீங்களா அடக்கத்தை?” என்றார் அந்த அம்மாள் கூட்டத்தைப் பார்த்து.

அடுத்த ஞாயிறு தலைநகரத்துப் பத்திரிகையில் அரைப்பக்கம் வந்தது. இரண்டாவது வாரம் பஸ்ஸில் ஆட்கள் வந்தார்கள். அதன் பிறகு, எதிரியின் நாடாவையும் தன் தலையில் தாங்கிய பெருந்தன்மை வெள்ளைக் கட்சியுடையது என்று லாரோசா பேசினார். ரோஜா என்பது மன்னித்துவிட்ட சிவப்பு என்று கமேஹோ பேசினார். எடுத்துவிடச் சொன்ன தீர்மானம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

வில்மார் ரொட்டிக்கடை மாடிக்கு வந்தான். வாசலில் நின்றான்.

“வாத்தியாரே, பழைய விளக்கு பத்திரமா என் கடையிலதான் இருக்கு. திரும்ப மாட்டிடறேன்.”

“மாட்டக் கூடாதாம். பெர்லா சொல்லிட்டா. விளக்கும் இப்போ படைப்போட சேர்த்தியாம், பூட்டுப் போட்டுட்டாங்க.”

“அப்போ பாதிப் படைப்பு என்னுது.”

“உன்னை யாருடா ஏணியில ஏறச் சொன்னது?”

“உங்களை யாரு ஊதாவுல குளிப்பாட்டச் சொன்னது?”

எலிசேயோ குடுவையில் வெந்நீர் ஊற்றி அவனிடம் நீட்டினார். “பழைய கறின்னு சொன்னது தப்பு” என்றார், அவனைப் பார்க்காமல். வில்மார் வாங்கி உறிஞ்சிவிட்டு, “தண்ணி ஆறிப்போச்சு” என்றான். சமாதானம் அப்படித்தான் நடந்தது.

தலைநகரத்தில் பயிற்சிப் பட்டறை நடத்தக் கூப்பிட்டார்கள். எலிசேயோ போனார். விளக்குத் தெரியாமல் நிறம் கலக்காதீர்கள், என்னைப் போல முட்டாளாகாதீர்கள் என்று இரண்டு மணிநேரம் சொல்லிக்கொடுத்தாராம். எல்லாரும் கவனமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு, கடைசியில் ஊதா எந்தக் கம்பெனி பாட்டில் என்று கேட்டார்களாம்.

ஒரு வாரநாளில், கூட்டமில்லாத நேரம், நானும் அவரும் அந்த அறையில் நின்றோம். துறையின் ஓரத்தில் ஒரு சிப்பாய் தொப்பி விழுந்து மல்லாந்து கிடந்தான். அவன் முகத்தை இரண்டு முறை பூசியவள் நான்தான்; நாற்பது நிமிடம், ஒற்றை மயிர்த் தூரிகையால்.

“உண்மையைச் சொல்லு சுல்மா. நல்லா இருக்கா?”

எனக்கு நிறம் பார்ப்பது பிழைப்பு. தவறு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என் தம்பியைச் சவக்கிடங்கில் அடையாளம் காட்டச் சொன்னபோது அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

“நல்லா இருக்கு” என்றேன்.

அவருக்கு அது போதவில்லை. ஒருமுறை தெரியாமல் வந்தது, இனி தெரிந்து செய்வோம் என்று ஒற்றைக் குதிரைவீரனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல விளக்கு, அளந்த ஊதா, எதிர்நிறத்தில் சரியான நிழல். ஏழு முறை சுரண்டி ஏழு முறை பூசினார். ஒவ்வொரு முறையும் ஊதாச் சாயம் பூசிய பொம்மைதான் வந்தது. வில்மார் எட்டிப் பார்த்துவிட்டு, ஆச்சரியமாக, கிண்டல் பண்ணாமல் போய் உட்கார்ந்துகொண்டான்.

இப்போது எலிசேயோ ஈய மாடுகளுக்குப் பூசுகிறார். பழுப்பு மாடு, வெள்ளை மாடு, புள்ளி மாடு. நிழலுக்கு எதிர்நிறம், மேட்டுக்கு ஒரு படி வெளுப்பு. எல்லாம் சரியாக இருக்கிறது. பஸ்ஸில் வருகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.