இருப்பு: வரும்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பாதிப் பொய்யில் தொடங்கியது. வார இதழ் ஆசிரியர் ஒருவர் போனில் கதை கேட்டார். கையில் ஒன்றும் இல்லை. "வரும்" என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு கட்டுரைக்காகத் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூர் போனேன். அங்கே ஒரு கணினித் திரையில் அதே சொல்லைப் பதின்மூன்று முறை பார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி.

2

முதல் தொடக்கம்: திருப்பூர் வட்டாரத்தில் விடிவதற்கு முன்பே இயந்திரங்கள்—

(அடித்துவிட்டேன். நான் போனது பகல் பதினொன்றரை மணிக்கு. திருப்பூரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஊரைத் தூங்கவே விடுவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: சித்ரகலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. துயரம் தோய்ந்த அந்தக் கண்களில்—

(இதுவும் போகட்டும். கண்களில் துயரம் எதுவும் இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையேதான் தேடிக்கொண்டிருந்தார்.)

தகவலாகவே சொல்லிவிடுகிறேன். சித்ரகலா ஓர் ஏற்றுமதி கம்பெனியில் பதினாறு வருஷம் செக்கிங் பார்த்தவர். தைத்து வரும் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் கண்டுபிடிக்கிற வேலை. அதை விட்டுவிட்டு, ஒன்றரை வருஷமாகக் குறைமாதக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்து இணையத்தில் விற்கிறார். வீட்டு முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சட்டை. தையல் விளிம்பெல்லாம் வெளிப்பக்கம், உள்ளே தோலில் உரசக் கூடாது என்பதற்காக.

இந்தச் சட்டையை யாரும் முன்கூட்டியே வாங்கி வைப்பதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி போனில் தேடுகிறார்கள். தேடினால் படத்துக்குக் கீழே விலையும் இருப்பும் தெரியும். மூன்று வாரமாக அது தெரியவில்லை. நாளுக்கு ஒன்பதாக இருந்த ஆர்டர் ஒன்றாகிவிட்டது. பழைய கம்பெனி மேனேஜர், சூப்பர்வைசர் வேலையை இவருக்காகவே வைத்திருக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். நான் போன நாள் வியாழன்.

3

இங்கே முனீஸ் வருகிறார். இவரை நான் முழுதாக நம்பவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் டெய்லராக இருந்தவர், தானே படித்து இப்போது முப்பது கடைகளின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிறார். கதைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற ஆள் கிடைத்தால் எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வரத்தான் வேண்டும். ஆனால் நூல் வெட்டும் கத்தரி இன்னும் அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை நான் கற்பனை செய்யவில்லை. (செய்யக்கூடியவன்தான்.)

என்ன கோளாறு என்று அவர் எனக்கு விளக்கினார். கடைப் பக்கத்தின் அடியில், வாங்குகிறவர் கண்ணில் படாத ஒரு சீட்டு இருக்கிறது. பெயர், விலை, இருப்பு எல்லாம் அதில் ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும். தேடுபொறி படிப்பது அதைத்தான்.

"பெட்டிக்குள்ள சரக்கு சரியாத்தான் இருக்கு சார். மேல ஒட்டுன பேக்கிங் லிஸ்ட்டுதான் தப்பு. துறைமுகத்துல நிறுத்திட்டான்."

மூன்று வாரம் முன்பு தளத்தின் தோற்றத்தை மாற்றினார்கள். அப்போது சித்ரகலா கைப்பட நிரப்பும் கட்டங்களை அப்படியே சீட்டோடு இணைத்தது முனீஸ்தான். அதை அவரே சொன்னார். சொல்லும்போது கத்தரி முனையால் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

முதல் பிழை விலையில். எல்லாக் கட்டத்திலும் "180/-" என்பது போல இருந்தது. பின்னால் யாரும் ஓர் எண்ணைச் சேர்த்துவிடக் கூடாது என்று பில்லில் கோடு போடுகிற பழக்கம். இயந்திரத்துக்கு எண் மட்டும் போதும். முனீஸ் கோடுகளை எடுத்தார், மறுபடி சோதித்தார். நாற்பத்தொரு பிழை பதின்மூன்றானது.

அந்தப் பதின்மூன்றும் தீர்ந்துபோன சட்டைகள். இருப்பு என்ற கட்டத்தில் சித்ரகலா "வரும்" என்று எழுதியிருந்தார்.

4

"மெஷினுக்கு அஞ்சாறு வார்த்தைதாங்க்கா தெரியும். இருக்கு, இல்ல, அப்பிடி. இல்லைன்னு போட்டுருவோம்" என்றார் முனீஸ்.

"சரக்க இல்லைன்னு எப்படீங்க எழுதறது?"

கம்பெனிக்குப் போவதற்கு முன் சித்ரகலா திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையில் விற்பனைக்கு நின்றவர். முதல் நாள் அங்கே சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று: வாசலுக்கு வந்தவரிடம் சரக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, வரும் என்று சொல்ல வேண்டும். மற்றபடி பேச்சில் நூறு "இல்லீங்க" சொல்லுவார். சரக்கைப் பற்றி மட்டும் அந்தச் சொல் அவர் வாயில் வராது.

யார் பார்க்கப் போகிறார்கள், மெஷின்தானே படிக்கிறது என்று முனீஸ் சொல்லிப் பார்த்தார்.

"மெஷின் படிச்சுட்டு யாருகிட்டப் போயிச் சொல்லும்? ஆஸ்பத்திரில நிக்கறவங்ககிட்டத்தானுங்க."

தையல் இயந்திரம் ஒன்று நின்றது. அதில் உட்கார்ந்திருந்த பூவாத்தாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்த மேனேஜரையும் மூணு மாசமா இப்படித்தானுங்க, வரேனுங்க வரேனுங்கன்னே நிறுத்தி வெச்சிருக்குது எங்கக்கா."

"நீ ஊசியப் பாரு ஆத்தா."

(கதை கேட்ட இதழ் ஆசிரியரின் நினைவு வந்தது. அதை இங்கே விரிவாக எழுதி, பிறகு எடுத்துவிட்டேன்.)

5

எழுதிப் பார்த்த முடிவு ஒன்று: சித்ரகலா மனதைத் திடப்படுத்திக்கொண்டு "இல்லை" என்று எழுதுகிறார். சிவப்புப் புள்ளிகள் மறைகின்றன. கையெழுத்துப் பிரதியில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் எழுத எழுத, அந்தச் சொல்லைப் பார்க்கவே மாட்டேன் என்பதுபோல அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே இருந்தார்.

முடிவு இரண்டு: பக்கத்தில் "வரும்", சீட்டில் மட்டும் "இல்லை". இதை நானே முனீஸிடம் யோசனையாகச் சொன்னேன். பக்கம் ஒன்று சொல்லிச் சீட்டு வேறொன்று சொன்னால் அது இன்னும் பெரிய பிழை சார் என்றார்.

நடந்தது வேறு. முனீஸ், இயந்திரம் ஏற்றுக்கொள்ளும் சொற்களின் முழுப் பட்டியலையும் திறந்து வரிவரியாக இறங்கினார். நடுவில் ஒன்று கிடைத்தது. இப்போது கையில் இல்லை, ஆர்டர் கொடுத்தால் தயாராகி வரும் என்று அதற்கு அர்த்தம்.

"யக்கா, உங்க வார்த்தை இருக்கு."

சித்ரகலா முகத்தில் வந்த நிறைவை வர்ணிக்கப் போவதில்லை. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்ததும் முனீஸ் அடுத்த கட்டத்தைக் காட்டினார்: எந்தத் தேதியில்?

மாதக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேஜையில் வைத்தார்கள். பூவாத்தாளும் எழுந்து வந்தார். எந்தத் துணி எப்போது வெட்டலாம், யார் தைப்பது என்று மூவரும் பேசி, பன்னிரண்டு சட்டைக்குத் தேதி வைத்து வட்டம் போட்டார்கள். பதின்மூன்றாவது, ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தைக்கானது. அதற்கென்று மெல்லிய துணியைப் பின்னல் இயந்திரத்தில் ஒருவர் ஓட்டித்தர வேண்டும். சித்ரகலா அவருக்குப் போன் போட்டார்.

பேசி முடித்து எங்களைப் பார்த்தார். "அவரும் வரும்னுதானுங்க சொல்றாரு."

பூவாத்தாள் சிரித்த சிரிப்பில் முனீஸும் சேர்ந்துகொண்டார். சித்ரகலா மறுபடி போன் போட்டு, தொழிலுக்கு வந்து முதன்முறையாக அந்த மனிதரிடம் தேதி கேட்டார். அவர் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

6

திங்கட்கிழமை நான் போக வேண்டிய அவசியமில்லை. போனேன். அறிக்கையில், பிழை: 1 (அந்தப் பதின்மூன்றாவது சட்டை). போனில் தேடியபோது ஏழு சட்டைகளுக்குப் படத்தின் கீழே விலை திரும்ப வந்திருந்தது. காலையிலேயே மூன்று ஆர்டர், ஒன்று தாராபுரத்திலிருந்து.

பதினொன்றரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். சித்ரகலா சுருக்கமாக நலம் விசாரித்தார். பிறகு மேனேஜரின் குரல் எனக்கே கேட்டது: "வரேன் வரேன்னா எப்படிங்கம்மா? எப்பன்னு தேதி சொல்லுங்க."

சித்ரகலா காலண்டரைப் பார்த்தார். பன்னிரண்டு வட்டங்கள். நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பூவாத்தாள் இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஆனால் அது மெதுவாக ஓடியது.

அவர் சொன்ன பதிலை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்தக் கட்டத்தை மட்டும் உங்களிடம் தருகிறேன்:

சித்ரகலா கம்பெனிக்குத் திரும்பும் தேதி: ____________

நிரப்புவதற்கு முன் நான்காம் பகுதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். "இல்லை" என்ற சொல்லை அவர் சொல்லாமல் இருப்பது சரக்கைப் பற்றி மட்டும்தான்.