அவளிடம் எதையும் கேட்கலாம்

மாமனார் அப்துல் சமது செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு பிரவுசிங் சென்டருக்குள் வந்தார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அப்சல் நாற்காலியை விட்டு எழுந்தான். அவருக்குப் பின்னால் ரெஹானா வந்தாள். செத்துப்போன அவன் மனைவி ஷர்மினின் தங்கை, கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

"பேப்பர்ல போட்டிருக்காக மாப்ள," என்று சமது சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தார். 'மறைந்த மனைவியைக் கணினியில் பேச வைத்த உத்தமபாளையம் இளைஞர்' என்று தலைப்பு. "டீக்கடையில கோட்டைச்சாமி சத்தமா வாசிக்கிறாரு. என் மகளைப் பத்தி ஊரு சொல்லி நான் கேட்டுக்கிறேன்."

"சொல்லணும்னுதான் இருந்தேன் மாமா."

"இருக்கட்டும். போட்டோ எதுவும் போடலையே?"

"இல்ல. எழுத்து மட்டும்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் சமது. முகம் தெளிந்தது.

வீட்டுப் பெண்களைப் படமெடுக்க விடாதவர் அவர். கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரனை ஆண்கள் பந்தியோடு நிறுத்தித் திருப்பி அனுப்பியவர். ஷர்மினுக்கு மிஞ்சியிருந்தது பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் ஒட்டிய படம் ஒன்றுதான். மூளைக்காய்ச்சலில் அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அந்தத் தலைப்பு முழுப் பொய்யும் இல்லை. நிருபர் போனில், "அப்ப உங்க மனைவி பேசுறாங்கன்னு எழுதலாமா?" என்று கேட்டபோது, அப்சல், "அப்படியும் சொல்லலாம்," என்று சொல்லியிருந்தான்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த காலத்தில் அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. யாரோ கொடுத்த சிடியில் பழைய விளையாட்டுகள் சில இருந்தன. படம் கிடையாது, சத்தம் கிடையாது. நீங்கள் ஒரு இருட்டறையில் நிற்கிறீர்கள் என்று திரையில் எழுத்து வரும். விளக்கை ஏற்று என்று ஆடுகிறவன் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். அறை எப்படி இருக்கிறது என்று அடுத்த பத்தி சொல்லும். நடக்க நடக்கக் கதை. கூடப் படித்தவர்கள் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனார்கள். அவன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இந்தக் கடையைப் போட்டுக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் அப்படிப்பட்ட ஆட்டங்களை எழுதினான். குமுளி மலைப்பாதையில் ஏலக்காய் ஜீப் ஓட்டுகிற ஒன்று. பாதாள அறைகள் நிறைந்த ஒன்று. ஏழு கடலுக்கு அப்பால் சில நூறு பேர் அவற்றை ஆடினார்கள். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஷர்மினுக்குத் தெரியும். "பொம்மையில்லாத பொம்மலாட்டம்" என்பாள்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ஆடுகிறவன் என்னவெல்லாம் அடிப்பான் என்று முன்கூட்டியே நினைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் விட்டதற்கெல்லாம் இயந்திரம் ஒரே பதிலைத்தான் சொல்லும்: 'அது எனக்குப் புரியவில்லை.' அந்த வாக்கியம் எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவுக்கு ஆசிரியன் கெட்டிக்காரன். அதனால் வெளியிடுவதற்கு முன் முகம் தெரியாத நாலைந்து பேரிடம் ஆடக் கொடுப்பார்கள். அவர்கள் வேண்டுமென்றே கண்டதையும் அடித்துப் பார்த்து, அத்தனையையும் அனுப்பி வைப்பார்கள். அடி, உதை, கடி, நக்கு. ஆட்டத்தில் ஒரு பெண் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அது அந்தக் கூட்டத்தில் வழக்கம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஷர்மின் போன பிறகு அவன் எழுதியது ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு காலை நேரம். அடுப்படியில் மனைவி நிற்கிறாள். ஆடுகிறவன்தான் கணவன். பால்காரர் வரும்வரை அவளோடு பேசலாம், அவ்வளவுதான். அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் அவள் பேசியதெல்லாம் ஷர்மின் பேசியது. அவள் சொன்ன ஒவ்வொன்றையும் ஞாபகப்படுத்தி எழுதினான். சோதித்தவர்கள் அனுப்பிய அசிங்கங்களுக்கும் பதில் வைத்தான். புதிதாக இட்டுக்கட்ட மனசு வரவில்லை. அதற்கும் அவள் வேறு சமயத்தில் சொன்னதையே எடுத்துப் பொருத்தினான். பொருந்தியது. பொருந்தப் பொருந்த அவனுக்கு உற்சாகமாகக்கூட இருந்தது.

வெளிநாட்டுப் போட்டியில் மூன்றாவதாக வந்தது. 'அவளிடம் எதையும் கேட்கலாம், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறாள்,' என்று ஒருவர் எழுதினார். அப்சல் அந்த வரியைப் பலமுறை படித்தான்.

"பேசச் சொல்லுங்க மாப்ள," என்றார் சமது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ரெஹானா பரீட்சை முடிவு பார்க்க மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்குப் போய்விட்டாள்.

"இங்கிலீசுல இருக்கு மாமா. நீங்க கேக்குறத நான் அடிக்கணும்."

"அவ இங்கிலீசுல பேசுவாளா?" சமது சிரித்தார். "அந்தப் பாடத்துல முப்பத்தஞ்சு எடுக்கத்தான் அத்தனை பாடுபட்டா. சரி, சாப்பிட்டியான்னு கேளுங்க."

அப்சல் அடித்தான். 'அது எனக்குப் புரியவில்லை' என்று வந்தது.

"என்ன சொல்றா?"

உலகத்தில் உள்ள அசிங்கத்துக்கெல்லாம் பதில் எழுதியவன் இதற்கு எழுதவில்லை. யாரும் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டு அனுப்பவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

"சாப்பிட்டேன்னு சொல்றா மாமா."

"கால் வலி தேவலையா?"

'அது எனக்குப் புரியவில்லை.'

"தேவலையாம்."

"என்னையப் பத்தி எதாச்சும் கேக்குறாளா?"

"அத்தா சாப்பிட்டாகளான்னு கேக்குறா."

சமது மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். திராட்சைப் பெட்டியில் மார்க்கும் லாரியில் நம்பரும் பார்த்தே காலம் தள்ளியவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாதே தவிர எழுத்து அத்தனையும் தெரியும்.

"அத்தான்னு எங்கன போட்டிருக்கு? ஏ, டி, எச், ஏ தானே? காணமே."

"மேல போயிருச்சு மாமா."

"திரும்பச் சொல்லச் சொல்லுங்க. பாத்துக்கிறேன்."

அந்த ஆட்டம் முழுவதிலும் 'அத்தா' என்ற சொல் ஒரே இடத்தில்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் சமது சொல்லாமல் கொள்ளாமல் திராட்சைக் கூடையோடு வந்து நிற்பார். அதை நினைத்து ஒரு மத்தியானம் ஷர்மின் அப்சலிடம், "கதவைச் சாத்துங்க, அத்தா வந்துருவாக," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஆங்கிலத்தில் வரவில்லை. அதனால் 'அத்தா'வை மட்டும் அப்படியே விட்டிருந்தான். அதை அவள் சொல்ல வேண்டுமானால், மனைவியின் துணியைக் கழற்று என்று ஆடுகிறவன் அடிக்க வேண்டும். விமர்சனம் எழுதியவர்கள் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்ததாக எழுதியிருந்தார்கள்.

சமது காத்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அப்சல் அந்தக் கட்டளையை அடித்தான்.

"இந்தா," என்றார் சமது. விரலைத் திரையில் வைத்தார். "ஏ. டி. எச். ஏ." அந்த நாலு எழுத்தின் மேலும் விரல் ஊர்ந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு விரல் ஒரு வரி மேலே போனது. "இதத்தானே நீங்க அடிச்சது? இதை அடிச்சா என்னையக் கூப்பிடுறா. யூ, என், டி, ஆர், இ, எஸ், எஸ்." இரண்டாம் தரம் சொன்னார். மூன்றாம் தரம் திரையைப் பார்க்காமல் சொன்னார். "ஏம்மா ரெஹானா, இங்கன வா. உங்கக்கா என்னையக் கூப்பிடுறா, வாசி."

ரெஹானா வந்து குனிந்து பார்த்தாள். அப்சல் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாசித்து முடித்த பிறகும் குனிந்தபடியே நின்றாள்.

"என்னன்னு போட்டிருக்கு, சொல்லு."

"'அத்தா எங்கே'ன்னு மச்சான் கேட்டிருக்காக, அத்தா. அத்தா வந்துருவாகன்னு அக்கா சொல்லியிருக்கா."

"வந்துருவேன்னு சொல்லியிருக்கா," என்றார் சமது.

போகும்போது ரெஹானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அப்சலிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றைக்கே அவன் போட்டி நடத்தியவர்களுக்கு எழுதினான். ஆட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்றான். எங்கள் பக்கத்திலிருந்து எடுக்கலாம், ஆனால் இத்தனை பேர் இறக்கி வைத்திருக்கிறார்களே, என்று மரியாதையாகப் பதில் வந்தது. தன்னிடம் இருந்த பிரதியில் அந்தப் பதிலை அழித்தான். சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு ஒரு பதில் எழுத உட்கார்ந்தான். அவள் தன்னிடம் என்ன சொல்வாள் என்று தெரியும். அவள் அத்தாவிடம் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை ரெஹானா போன் செய்தாள்.

"நாளைக்கு ஜும்மா முடிஞ்சு சாப்பிட வரணுமாம். அத்தா சொல்லச் சொன்னாக."

"சரி."

"அந்த எழுத்த ஓதுற பிள்ள மாதிரி சொல்லிக்கிட்டே திரியுறாக மச்சான். திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்க வந்த ஆளுககிட்டயெல்லாம் சொல்றாக. அதுக யாருக்கும் வெளங்கல. வெளங்குற ஆளு ஒருத்தரு வருவாருல்ல?"

அவளே தொடர்ந்தாள்.

"என்னால ஒரு பொய்தான் சொல்ல முடிஞ்சுச்சு. அடுத்தது கேட்டா என்கிட்ட இல்ல," என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அப்சல் படியிறங்கி வரும்போது, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் சமது ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிற ஹக்கீம் சார்.

"அர்த்தம் எனக்குத் தெரியும் சார், மக சொல்லிட்டா," என்று சமது சொல்லிக்கொண்டிருந்தார். "வாயில எப்படிச் சொல்லணும்னுதான் தெரியல. இப்ப கபுர்ஸ்தானுக்குப் போறேன். அவகிட்ட நின்னு ஒருவாட்டி சொல்லணும். எழுத்துச் சொல்றேன், கேளுங்க. யூ, என், டி..."

"மாமா," என்று அப்சல் அவர் முழங்கையைப் பிடித்தான். "ஒரு நிமிஷம் வாங்க."

"இருங்க மாப்ள, சார்கிட்ட..."

"வாங்க மாமா."

ஹக்கீம் சார், "பேசிட்டு வாங்க பாய்," என்று செருப்பைத் தேடப் போனார். அப்சல் மாமனாரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனான். தொட்டியில் இரண்டு பேர் மட்டும் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை நின்றான்.

"அதுக்கு 'அத்தா எங்கே'ன்னு அர்த்தம் இல்ல மாமா. பொம்பளையைப் பாத்து, துணியக் கழட்டுன்னு சொல்றது. ஆடுறவன் அப்படி அடிச்சா, கதவைச் சாத்துங்க, அத்தா வந்துருவாகன்னு அவ சொல்லுவா. உங்க பேச்சு அதுல அந்த ஒரு எடத்துலதான் இருக்கு. சாப்பிட்டேன்னு சொன்னது, கால் வலி, அதெல்லாம் நானாச் சொன்னது."

சமதுவின் உதடு இன்னும் அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தது போல இருந்தது. அப்புறம் நின்றது. தொட்டியில் மீன்கள் பாசியைக் கொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"யாரு அடிக்கிறது?"

"யாரு வேணும்னாலும்."

"எத்தனை பேரு?"

"தெரியல மாமா."

"அந்தப் பதிலு நீங்களா எழுதுனதா, அவ சொன்னதா?"

"அவ சொன்னதுதான். வேற ஒரு நேரத்துல, என்கிட்ட."

"உங்ககிட்டச் சொன்னா."

"ஆமா."

"வீட்டுக்குள்ள சொன்னத ஏன் மாப்ள வெளிய கொண்டுபோனீக?"

திட்டுகிற குரல் இல்லை. கணக்கு ஒத்துவராத இடத்தைக் கேட்பது மாதிரி கேட்டார்.

சமது நடந்தார். அப்சல் பின்னாலேயே போனான். கபுர்ஸ்தான் கதவருகே அவர் திரும்பிப் பார்த்து, "நீங்க இங்கனயே நில்லுங்க," என்றார். அவன் நின்றான். அவர் உள்ளே போய் மகளைப் புதைத்த மண்ணின் தலைமாட்டில் நின்றார். கையை ஏந்தி ஓதினார். வழக்கமாக ஓதி முடித்ததும் மகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். அன்றைக்குப் பேசாமல் வந்தார்.

"வாங்க, சோறு ஆறிரும்," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "உங்க மாமிக்குத் தெரிய வேணாம்," என்றார்.

வீட்டில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கியிருந்தார்கள். மாமி லத்திபா ஈத்துக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். ரெஹானா தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள்.

"மாப்ள," என்றாள் லத்திபா, சோற்றை அள்ளி வைத்துக்கொண்டே. "இவுக மட்டும் போயி மககிட்டப் பேசிட்டு வந்துட்டாக. பெத்தவளுக்கு ஒரு வார்த்த சொல்லல. என்னைய என்னைக்குக் கூட்டிட்டுப் போறீக? சாப்பிட்டதும் வரட்டுமா? சேலைகூட மாத்திட்டேன்."

அப்சல் கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தான். ரெஹானா கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"அந்த மிஷினு கெட்டுப்போச்சு," என்றார் சமது. "இனிமே ஆகாதாம். மாப்ளயே ரொம்பச் சங்கடப்பட்டுப் போயிருக்காரு. நீ வேற கேட்டு நோகடிக்காத."

"அடடா," என்று லத்திபா அப்சலைப் பார்த்தாள். "எம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சீகளோ. விடுங்க மாப்ள, மனசு விட்டுறாதீக. சாப்பிடுங்க."

சமது சட்டியை இழுத்து, நல்ல கறியாகப் பார்த்து இரண்டு துண்டு எடுத்து அவன் இலையில் வைத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அப்சல் சாப்பிட்டான்.