கையொப்பம் கேட்காத பூட்டு

அப்பா தன்னிடமிருந்த ஒரே பிட்காயினை விசித்திரமாகப் பூட்டிவிட்டுச் செத்தார். வழக்கமான பூட்டு உரிமையாளரின் கையொப்பத்தைக் கேட்கும். இது ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்டது. அதைச் சொல்பவர் எவரானாலும் காசு அவருக்கு.

"நான் வீட்ல அடிக்கடி சொன்னதுதான்" என்று ஆஸ்பத்திரியில் துப்பு கொடுத்திருந்தார். பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். தணிக்கையாளராக வேலை பார்த்த அவருக்கு அதற்கு மேல் நகைச்சுவை வராது. வாடகை வீட்டில் அவர் எங்களுக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான்.

நானும் அக்காவும் இணையத்தைத் துண்டித்துவிட்டு, அவருடைய வசவுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் அடித்துப் பார்த்தோம். என்னைத் திட்டியவற்றுக்கே பாதி நாள் போனது. கடைசியில் பொருந்தியது அக்காவின் முன்னாள் கணவரைப் பற்றியது: "மாப்பிள்ளை பேச்சு ஊர் எல்லை வரைக்கும், வேலை வாசப்படி வரைக்கும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே காசைத் தன் பிட்காயின் முகவரிக்கு மாற்றி அனுப்பப் போனாள். நான் கையைப் பிடித்தேன்.

"அனுப்பினா என்னடா?"

"அனுப்பின நிமிஷமே வாக்கியம் ஊருக்கே தெரிஞ்சிடும். பிளாக்ல, அதான் பொதுக் கணக்குப் பேரேட்டுல, ஏறுறதுக்குள்ள எவனாவது காப்பியடிச்சு தன் முகவரியப் போட்டுக்குவான். இதுக்குன்னே ப்ரோகிராம் எழுதிட்டு உக்காந்திருக்கானுங்க."

"அப்ப?"

"பிளாக் போடுற ஆள்கிட்டயே நேர்ல குடுக்கணும். அவரு யாருக்கும் காட்டாம ஏத்திடலாம்."

"அவரே அமுக்கிட்டா?"

"அமுக்கலாம். பூட்டுதான் கையெழுத்து கேக்காதே."

எங்களுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஆள் ஒருவர்தான். மாமா, அக்காவின் முன்னாள் கணவர். விவாகரத்துக்குப் பிறகு அக்கா அவர் பெயரைக்கூடச் சொன்னதில்லை. மறுநாள் அவர் மேற்பார்வை பார்க்கும், பிளாக் போடுகிற மைனிங் கூடத்துக்குப் போனோம். அடுக்கடுக்காக இயந்திரங்கள் இரைந்தன. உள்ளே நுழைந்ததுமே சட்டை முதுகில் ஒட்டியது.

அக்கா பென்டிரைவை நீட்டினாள். "யாருக்கும் காட்டாம ஏத்தணும். கூலி அதுலயே சேர்த்திருக்கேன்."

"வெளியாளுக்குக் குடுக்கிற மாதிரியா?"

"ஆமா."

மாமா திறந்தார். திரையில் வாக்கியம் வந்தது. கடைசி வரை படித்தார்.

"இத உங்கப்பா என் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கலாம்."

"சொன்னாரு. அப்பவும் நீங்கதான் பேசிட்டிருந்தீங்க."

 மாமா திரையை எங்களுக்கு மறைத்தபடி உட்கார்ந்து ஏதோ தட்டினார். முகவரியை மாற்ற அரை நிமிடம் போதும். மாற்றினால் எந்தக் கோர்ட்டிலும் எங்கள் வழக்கு நிற்காது. மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அக்கா கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பிளாக் விழுந்தது. காசு அக்காவின் முகவரியில் இருந்தது.

மாமா வந்து நின்றார். "எடுத்துக்குவேன்னு நினைச்சியா?"

"நினைச்சேன்."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்தே?"

"முன்னப்பின்ன தெரியாதவன் எடுத்தா எவன் வீட்டுக் கதவப் போய்த் தட்டுறது?"

  அக்கா அவர் கணினியிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.